விதைப் பூண்டு நம்ம வீட்டுப் பரணில் இருக்கட்டும்



கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் ஆனி மாதக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி பார்க்கிற ஒரு கடன் மனு உண்டு. "எதுக்கும்மா கடன்?" என்று கேட்டால், "விதைப் பூண்டு வாங்கணும்" என்று பதில் வரும். பூண்டு விளைகிற ஊரில், பூண்டு எடுத்த வீட்டிலேயே, விதைக்குக் கடன். எடுத்ததை எல்லாம் மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு அனுப்பிவிட்டு, நடவுக்கு வெளியில் விலை கொடுத்து வாங்குகிறோம். 2024 தொடக்கத்தில் கடையில் சமையல் பூண்டே கிலோ 400 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

வீட்டை ஒட்டி ஒரே ஒரு பாத்தி இருந்தால் போதும். சமையலுக்கும் ஆகும், அடுத்த நடவுக்கு விதையும் ஆகும். அதை எப்படிச் செய்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

10 அடி நீளம், 4 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். நீர் தேங்கினால் பூண்டு அழுகிவிடும், அதனால்தான் மேடு. நன்றாக மக்கிய எரு மட்டும் போட வேண்டும், பச்சைச் சாணம் கூடாது. போன பருவம் வெங்காயமோ பூண்டோ இருந்த இடம் வேண்டாம். அதே நோய் மண்ணில் காத்துக்கொண்டிருக்கும். பீன்ஸ், கேரட் எடுத்த இடம் நல்லது.

நடவுக்கு ஆனி-ஆடி ஒரு பருவம், ஐப்பசி-கார்த்திகை இன்னொன்று. நடுகிற அன்றைக்கோ முந்தின நாளோ பல்லைப் பிரித்தால் போதும். முன்னாடியே பிரித்து வைத்தால் காய்ந்துவிடும். தோலை உரிக்கக் கூடாது. கூர்முனை மேலே, வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி 2 அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை 6 அங்குலம், பல்லுக்குப் பல் 4 அங்குலம். இந்தக் கணக்குக்கு ஒரு பாத்திக்கு 240 பல் பிடிக்கும். பெரிய பல்லாகப் பொறுக்கினால் முக்கால் கிலோ விதைப் பூண்டு போதும்.

பூண்டுக்கு வேர் மேலாகத்தான் ஓடும். களைவெட்டியை ஆழமாகப் போடாமல் கையால் களை பறியுங்கள். எரு, உரம் எல்லாம் முதல் 2 மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பிறகும் போட்டுக்கொண்டிருந்தால் தாள்தான் செழிக்கும், பூண்டு திரளாது. இலை வெளுத்து முறுக்கினால் இலைப்பேன் என்று அர்த்தம். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளியுங்கள்.

இனி எடுப்பு. பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான். நட்டு 120 முதல் 130 நாளில் தயாராகும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் நாளை மட்டும் எண்ணாமல் செடியைப் பாருங்கள். அடி இலைகள் மஞ்சளாகிக் காய்ந்து, மேலே நாலைந்து இலை பச்சையாக இருக்கும்போது, கழுத்து தளர்ந்து தாள் சாயத் தொடங்கும். அப்போது ஒன்றிரண்டைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பல் திரண்டு, மேல் தோல் காகிதம் மாதிரி ஆகியிருந்தால் எடுக்கலாம். விலை இருக்கிறதே என்று அவசரப்பட்டு முன்னாடியே பிடுங்கினால் சுருங்கி எடை போய்விடும். ரொம்ப நாள் விட்டாலோ தோல் கிழிந்து பல் தனித்தனியாக விலகிவிடும், அந்தப் பூண்டு பரணில் தங்காது. எடுப்பதற்கு 10, 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தாளைப் பிடித்து இழுக்காமல் பக்கத்தில் மண்ணை நெகிழ்த்தி எடுங்கள்.

எடுத்ததைக் கழுவாதீர்கள். தாளையும் வெட்டாதீர்கள். தாளோடு கட்டி, காற்றோட்டமான நிழலில் 2, 3 வாரம் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். பிறகு நம் பாட்டிமார் செய்தது போல அடுப்புக்கு மேலே, புகை படுகிற பரணில் கட்டலாம். பிளாஸ்டிக் சாக்கில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் முளைத்துவிடும். எடுத்த கையோடு நடவும் முடியாது. பூண்டுக்கு ஓர் உறக்கம் உண்டு, அது கலைந்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வியாபாரி வந்தால் பெரிய பூண்டை எல்லாம் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, விலை போகாத பொடியை "விதைக்கு ஆகும்" என்று வைக்கிறோம். பூண்டுக்கு நெல் மாதிரி விதை கிடையாது. தாய்ப் பூண்டின் பல்தான் பிள்ளை. சின்னப் பல் நட்டால் சின்னப் பூண்டுதான் வரும், நோய் இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். வருடா வருடம் இப்படியே செய்தால், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு நம் கையாலேயே தேய்ந்து போகும். ஆகவே விற்பனைக்கு முன்னாடியே, நோயில்லாத, நன்றாகத் திரண்ட பூண்டில் ஒரு கிலோவை விதைக்கு என்று தனியாகக் கட்டிவிடுங்கள். விலை பேசுவது பெரும்பாலும் வீட்டு ஆண்கள்தான். பரணும் அடுப்பும் நம் பொறுப்பில்தானே இருக்கிறது! பேரம் தொடங்குவதற்கு முன் அந்தக் கட்டு பரணுக்கு ஏறியிருக்க வேண்டும்.

அடிவாரக் கிராம உறுப்பினர்கள் "அக்கா, கடையில வாங்கின பூண்டு முளைச்சிருச்சு, நடலாமா?" என்று கேட்கிறார்கள். நடலாம், ஆனால் கீழே வெயில் அதிகம். பூண்டு திரளக் குளிர் வேண்டும். அதனால் மலைப்பூண்டு மாதிரி எதிர்பார்க்காதீர்கள். மார்கழிக் குளிரில் தொட்டியில் ஊன்றினால் பூண்டுத்தாள் கிடைக்கும், துவையலுக்கு அருமையாக இருக்கும்.

விதை மிஞ்சியவர்கள் குழுவுக்குள்ளேயே இல்லாதவர்களுக்குக் கடனாகக் கொடுக்கலாம். ஒரு கிலோ வாங்கியவர் அடுத்த எடுப்பில் ஒன்றேகால் கிலோ திருப்பித் தருவது என்று கூட்டத்தில் முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பச்சைப் பூண்டு உலர்ந்தால் எடை குறையும் என்பதால், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உலர்ந்த பூண்டைத்தான் தராசில் வைக்க வேண்டும்.