கல்லாவை விட்டு எழுந்த முதலாளி

நடிகர் அஜித்குமார் துபாய் கார் பந்தயத்தில் பரிசு வாங்கிய செய்தி 2025 ஜனவரியில் வந்தபோது, நமது ராயக்கோட்டைக் கடைவீதியில் அதைப் பற்றிப் பேசாத பையன் இல்லை. தக்காளி மண்டியில் கூடை இறக்குகிறவர்கள்கூட வேலைக்கு நடுவே செல்போனைக் காட்டிக்கொண்டார்கள். வணிகர் இதழில் சினிமாக்காரர் செய்தி எதற்கு என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நாம் எழுத வந்தது சினிமாவைப் பற்றி அல்ல. தன் பெயரில் ஒரு அணி தொடங்கி, தானே வண்டி ஓட்டப் போன ஒரு முதலாளி, பந்தயத்துக்கு முன்பாகத் தன் இருக்கையைத் தானே விட்டுக்கொடுத்ததைப் பற்றி.

வியாபாரம் அவருக்குப் புதிதும் அல்ல. சினிமாவுக்கு வருமுன் மெக்கானிக் வேலை பழகியவர். ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவர். கூட்டாளிகளோடு ஆரம்பித்த ஜவுளி வியாபாரம் கைகொடுக்கவில்லை. கூட்டு வியாபாரம் எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகு நடிகராகிப் பேரும் பணமும் வந்தபின், 2003இல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ ஆசியா, 2010இல் ஐரோப்பாவின் ஃபார்முலா 2 என்று பந்தயங்களில் ஓட்டினார். அதன்பின் நீண்ட இடைவெளி. மறுபடி களத்தில் இறங்கியபோது வயது 53.

கார் பந்தயத்தில் ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நான்கு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசித் தரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டு ஆசைக்காக ஓட்டுபவர்கள். நீண்ட நேரப் பந்தயங்களில் இவர்களுக்கும் இடம் உண்டு. ஒரு காரை மூன்று, நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். துபாய்ப் பந்தயம் 24 மணி நேரம். சனிக்கிழமை பகலில் தொடங்கி, இரவெல்லாம் ஓடி, ஞாயிறு பகலில் முடியும். சுற்று ஒன்று 5.39 கிலோமீட்டர். நமக்கு வேடிக்கையாகப்பட்டது, அங்கே எரிபொருள் நிரப்பும் முறை. அவரவர் கொட்டகையில் நிரப்பிக்கொள்ள முடியாது. எல்லா வண்டியும் பொதுவான பங்குக்குப் போய்த்தான் நிரப்பவேண்டும். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வண்டியை உள்ளே விடுவது ஒரு சாமர்த்தியம். சந்தை நாளில் லாரியை எப்போது மண்டிக்குள் நுழைப்பது என்ற கணக்குத்தான்.

ஜனவரி 7ஆம் தேதி பயிற்சியின்போது அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. பார்த்தவர்கள் பதறிவிட்டார்கள். அவர் காயமின்றி இறங்கி வந்தார். கார்தான் நொறுங்கிப்போனது. பந்தயத்துக்கு இருந்தது நான்கே நாள். அணியினர் வேலை செய்து காரைத் தேற்றினார்கள்.

அதன் பிறகுதான் அந்த முடிவு. 24 மணி நேர ஓட்டத்தின் கடுமையையும், விபத்தின் பாதிப்பையும் யோசித்து, சொந்த அணியின் காரைத் தான் ஓட்டுவதில்லை, உரிமையாளராக மட்டும் இருப்பது என்று அறிவித்துவிட்டார். கடைத் திறப்புக்கு நாள் குறித்து, அழைப்பிதழ் அடித்து, ஊரைக் கூப்பிட்டபின் முதலாளி, “நான் கல்லாவில் உட்காரவில்லை, விவரம் தெரிந்த பிள்ளைகள் உட்காரட்டும்” என்று சொல்வது போன்ற காரியம் இது. நம்மில் எத்தனை பேருக்கு வரும்? எழுபது வயதிலும் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்காதவர்களை நாம் அறிவோம். (பெயர் சொன்னால் அடுத்த மாதம் சந்தா வராது.)

ஆனாலும் அவர் ஆசையை விட்டுவிடவில்லை. அதே பந்தயத்தில் ரசூன் என்னும் வேறோர் அணியின் போர்ஷே கேமன் ஜி.டி.4 காரை ஓட்டினார். ஆசைக்கு ஒரு வண்டி, அணியின் பேருக்கு ஒரு வண்டி என்று கணக்கைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டார். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் ஒரே நோட்டில் எழுதுகிற நமக்கு இது புரிந்தால் நல்லது.

ஜனவரி 12, ஞாயிறு. டெட்ரி, டுஃபியூ, மெக்லியோட் ஆகிய மூவர் ஓட்டிய அவரது அணியின் போர்ஷே, தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அவர் ஓட்டிய ஜி.டி.4 பிரிவில் அவருக்குப் பந்தய உணர்வுக்கான சிறப்பு விருது கிடைத்தது. தேசியக் கொடியை ஏந்திக்கொண்டு குழந்தைபோல ஓடினார். முதல் பரிசு அல்ல, ஒரு பிரிவின் மூன்றாம் பரிசுதான். நொறுங்கிய வண்டி ஐந்தாம் நாள் மேடைக்கு வந்ததை நினைத்தால் அது சின்னப் பரிசாகத் தெரியவில்லை.

எல்லா விபத்தும் இப்படி முடிவதில்லை. 2023 ஜனவரி 8ஆம் தேதி சென்னைப் பந்தயத் திடலில் கே.இ.குமார் என்ற அனுபவமிக்க ஓட்டுநர், தம் 59ஆம் வயதில், கார் கவிழ்ந்து உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே திடலில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்துபோனான். மருத்துவரும் ஆம்புலன்சும் காத்து நிற்கிற இடத்திலேயே இந்தக் கதி. ராயக்கோட்டை–ஓசூர் சாலையில் பால் வண்டிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் நடுவே முறுக்குகிற நம் பையன்களுக்கு அங்கே யார் காத்து நிற்கிறார்கள்?

பந்தயம் நமது வட்டாரத்துக்கு அந்நியமானதும் அல்ல. மளிகை மூட்டை ஏற்றி நாம் ஓட்டுகிற மொபெட்டுக்குப் பிறப்பிடமான ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 1982 முதல் பந்தய அணி வைத்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாடல் வண்டி கொடுத்து ஓட்டவிடும் போட்டிகளையும் நடத்துகிறது. புதிதாக ஓட்டவருபவர்களுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு. எல்லாக் கடையிலும் ஒரே முத்திரைக் கல்லால் நிறுப்பதுபோல, அங்கே பணக்காரன் வண்டி, ஏழை வண்டி என்ற பேச்சு இல்லை. இந்த யோசனை கார்களில் முன்பே வந்தது. கோவை ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினை வைத்து மலிவான பந்தயக் கார் செய்தார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதைக் காண கரிவரதன் இல்லை. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார்.

அந்தச் சென்னைத் திடல் இருப்பது ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில், இருங்காட்டுக்கோட்டையில். 1990இல் திறக்கப்பட்டது. நமது தக்காளி லாரிகள் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் கோயம்பேடு போகிற நெடுஞ்சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி, பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பக்கம் வந்தால், கடைப் பையனை ஒரு மணி நேரம் அங்கே இறக்கிவிடலாம்.