ஜெனரேட்டருக்கு அடியில் ரப்பர் வச்சா அதிர்வு குறையுமா? சில நேரம் கூடும்!

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் துண்டிக்கப்பட்டது. அதுபோன்ற நாட்களில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கைகொடுப்பது டீசல் ஜெனரேட்டர்தான். ஆனால் அது ஓடினால் தரையும் சேர்ந்து அதிருதே, ஏன்?

காரணம் என்ன?

நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் இன்ஜின், நொடிக்கு 25 முறை தரையை உலுக்குகிறது. இதுதான் திணிப்பு அதிர்வு. ரப்பர் மேல் நிற்கும் மெஷினுக்கும் சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. அது இயல் அதிர்வெண். இரண்டும் ஒன்றானால் ஒத்ததிர்வு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி ஆட்டம் ஏறும்.

கணக்கு இதுதான்

மெஷின் எடையில் ரப்பர் 0.4 மி.மீ. மட்டும் அமுங்கினால், இயல் அதிர்வெண் சுமார் 25. நேராக ஒத்ததிர்வில் போய் மாட்டும்! அதே ரப்பர் 4 மி.மீ. அமுங்கினால் சுமார் 8. அப்போது தரைக்குப் போகும் அதிர்வு விசை தோராயமாக ஒன்பதில் ஒரு பங்குதான்.

இயல் அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்குக்கு மேல் இன்ஜின் வேகம் இருந்தால்தான் ரப்பரால் பலன். இல்லையென்றால், ரப்பர் இல்லாமல் இருப்பதே மேல்.

ஆன், ஆஃப் செய்யும்போது மட்டும் குலுங்குதா?

பயப்பட வேண்டாம். வேகம் ஏறி இறங்கும்போது அந்த 8-ஐக் கடந்துதான் ஆக வேண்டும்.

என்ன கேட்டு வாங்கணும்?

பழைய டயர் துண்டைச் செருகாமல், மெஷின் எடையையும் ஆர்.பி.எம்.மையும் சொல்லி, 'எத்தனை மி.மீ. அமுங்கும்?' என்று கேளுங்கள். டீசல், புகைக் குழாய்களிலும் வளையும் இணைப்பு வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு அந்த வழியாகச் சுவருக்குப் போய்விடும்.