சாமி பேரு நேரா... கம்பெனி பேரு சாய்வா!

அரியமங்கலம் பக்கம் தஞ்சாவூர் ரோட்டில் போகிற லாரிகளின் நெற்றியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'சமயபுரத்தாள் துணை' ஆடாமல் அசையாமல் நேராக நிற்கும். கம்பெனி பெயரோ தடித்தடியாக, வலது பக்கம் சாய்ந்து, 'இதோ கிளம்பிட்டேன்' என்கிற தோரணையில் இருக்கும்!

என்ன ரகசியம்? 35 வருஷமாக இங்கே வண்டிகளுக்கு எழுதும் பெயின்டர் ஒருவரைப் பிடித்தேன். (''பேரு போடாதீங்க தம்பி, கடன் குடுத்தவங்க தேடி வந்துடுவாங்க!'')

''சாமி ஓடலாமா? நிக்கணும். லோடுதான் ஓடணும்!'' என்கிறார்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. லாரியின் வலது பக்கத்தில் சாய்வெழுத்து வண்டி போகிற திசையில் பாயும். அதே எழுத்து இடது பக்கத்தில் பின்னால் சரியும். ''எதிர்ல வர்றவனுக்கு ஓட்டம், ஓரமா நடக்கறவனுக்கு பிரேக்கு!'' என்று சிரிக்கிறார்.

சாய்வெழுத்து இத்தாலிச் சரக்கு. 1501-ல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் கையடக்கப் புத்தகம் போட அதைப் பயன்படுத்தினார். முனையில் கொக்கி இல்லாத மொட்டை எழுத்து அச்சுக்கு வந்தது 1816-ல், லண்டனில். தமிழ் மட்டும் லேசுப்பட்டதா? 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிவிட்டது. ஆனால், இங்கிலீஷ் மாதிரி சாய்வுக்கென்று தனி உருவம் நமக்கு அமையவில்லை. இருக்கிற எழுத்தைத்தான் சாய்த்தாக வேண்டும்.

அங்கேதான் வம்பு. ட, ப பரவாயில்லை, கோடுதானே. 'ண' இருக்கிறதே... அதன் சுழிகளைத் தடியாக எழுதினால் உள்ளே இருக்கும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, 'ணை'யின் தும்பிக்கையை எடுத்துவிட்டு முன்னால் இரட்டைச் சுழி வைத்தார்கள். சுழி இன்னும் கூடிப் போச்சு!

பெயின்டரின் பையன் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு தட்டு, எழுத்து சாய்கிறது. மெஷின் வெட்டித் தள்ளுகிறது. அப்பாவுக்கு அரை நாள் வேலை, அங்கே பத்து நிமிஷம். அப்பாவைத் தேடி வரும் வண்டிகள் குறைந்துகொண்டே போவதற்குக் காரணம் சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நான் போன அன்று பையன் 'கண்ணன்' என்று பெரிதாக வெட்டி வைத்திருந்தார். பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். 'ண்' இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கொழுக்கட்டை!

''மெஷின் மொத்தமா தள்ளிவிடுதுடா. சுழி ஒரு மூலையில வீங்குது, இன்னொரு மூலையில இளைக்குது. வீங்கின இடத்தைச் செதுக்கணும். புள்ளியையும் சாய்வோட சேத்து வலது பக்கம் நகத்து'' என்றார் அப்பா.

''கஸ்டமர் இதெல்லாம் பாக்க மாட்டாங்கப்பா.''

''ரோட்டுல படிக்கறவன் பாப்பான்டா.''

கம்ப்யூட்டரிலும் நல்ல தடி எழுத்து இல்லாமல் இல்லை. மும்பை 'எக் டைப்' குழுவினரின் 'பாலூ தம்பி' அத்தனை குண்டாக இருந்தும் கண் திறந்திருக்கும். ஆனால், அதற்குச் சாய்வு கிடையாது. சாய்த்தால் மறுபடி அதே வீக்கம்தான்.

பையன் பதில் பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அப்பா பக்கம் தள்ளினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் சாய்வுக்கோடுகளைப் போட்டார். அப்புறம் சுழிகளின் உள் ஓட்டைகளை மட்டும் வரைந்தார். உடம்பு கடைசியில்தான் வந்தது.

''இதை ஸ்கேன் பண்ணிக்க. எழுத்துக்கு இவ்வளவுன்னு எனக்குக் குடுத்துடு'' என்றார்.

பையன் ரேட் பேச ஆரம்பித்தார்.