பழவேற்காட்டுக்கு என்ன உடுத்திச் செல்வது?

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு உடை விஷயத்தில் அதிகச் சந்தேகம் எழுவதில்லை. பெரியோர் வழக்கமே வழி காட்டிவிடும். வழக்கம் போதாத இடத்தில் வாயிற்காப்போன் காட்டுவான். குருவாயூரில் ஆடவர் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு உள்ளே போக வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி சந்நிதியிலும் அப்படியே. சீக்கியரின் குருத்வாராவில் தலையை மூடாமல் நுழைய இயலாது. ஆனால் கோயிலும் அல்லாமல், கடைத்தெருவும் அல்லாமல், தொல்பொருள் இலாகாவின் நீலப் பலகை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியே நிற்கிற பழஞ்சின்னங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்க்கப் போகும்போது என்ன உடுத்துவது? பலகையில் 1958-ஆம் வருஷத்துச் சட்டமும், சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்கு விதிக்கப்படும் தண்டனையும் எழுதியிருக்கும். உடையைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

பள்ளிக்கூட யாத்திரை என்று அறிவித்தவுடன் மாணவர்கள் கேட்கும் முதற் கேள்வி சரித்திரத்தைப் பற்றியதன்று. "ஸார், யூனிபாரமா, கலர் டிரஸ்ஸா?" என்பதுதான். அதை அற்பக் கேள்வி என்று தள்ளிவிடுவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். பழவேற்காடு விஷயத்தில் மட்டும் அப்படித் தள்ளுவதற்கில்லை. அந்த ஊரின் சரித்திரமே துணியின் சரித்திரம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரி வழியாகப் போய்ச் சேரவேண்டிய ஊர் இது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி. உப்பும் நன்னீரும் கலந்த இந்த ஏரி, இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. முதலில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். பின்னர் டச்சுக்காரர் வந்து, 1613-ல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வர்த்தகத்துக்கெல்லாம் 1690 வரையில் இதுவே தலைநகர். அவ்வாண்டில் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று.

எதற்காக இத்தனை பாடு? மீனுக்காக அன்று, துணிக்காக. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கீழைத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கை விரும்புவோர் குறைவு. அங்கே செல்லுபடியான நாணயம் சோழமண்டலத்துப் பருத்தித் துணி ஒன்றுதான். உட்கிராமங்களில் நெய்து, கடற்கரை மணலில் விளையும் சாயவேரால் சிவப்பும், அவுரியால் நீலமும் ஏற்றிய கட்டங்களும் கோடுகளும் பூவேலைகளும் பழவேற்காட்டுத் துறையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. இந்த வியாபாரத்தின் சூத்திரக் கயிறு முழுதும் வெள்ளையர் கையில் இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. டச்சு ஏடுகளில் மலாயா என்றும் சின்னண்ணா என்றும் குறிக்கப்படும் செட்டி சகோதரர்கள் இல்லாமல், பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே பெரிய கொள்முதல் எதுவும் நடக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவது நேயர்களுக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். மலாய் நாட்டில் ஆடவர் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்துகிற கட்டம்போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது வேறொன்றுமில்லை. அயலார் வாயில் புகுந்து புறப்பட்ட நம் பழவேற்காடே. பூமியின் மறு கோடியில், மெக்ஸிகோ தேசத்தில், கழுத்திலும் தலையிலும் கட்டும் கைக்குட்டைக்குப் 'பாலியகாதே' என்று பெயர். அதுவும் இதே ஊர்தான். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் போராடி 1815-ல் சுட்டுக் கொல்லப்பட்ட மொரேலோஸ் என்ற மெக்ஸிகோ வீரரின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் தலையில் அந்தத் துணி கட்டியிருக்கும். ஓர் அந்நிய நாட்டு விடுதலை வீரரின் தலைக்கட்டில் நம் செம்படவர் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை தமிழ் மாணவர்களுக்கு இது தெரியும்?

பெயர் மட்டும் நிலைத்து, பொருள் கைமாறிய கதையும் உண்டு. நம் பூத்துணியின் போட்டியைத் தாங்கமாட்டாமல் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்காத்லாந்து நெசவாளர்கள் கைக்குட்டை நெய்து அதற்குப் 'புலிகேட்' என்றே பெயரும் வைத்து விற்றார்கள். பின்னர் லங்காஷயர் ஆலைத் துணி இந்தக் கரைக்கே வந்து இறங்கியதும், தறிகள் ஓய்ந்ததும் நாம் அறிந்தவை. 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தியடிகள் மேற்சட்டையைத் துறந்து அரைமுழத் துணிக்கு மாறினாரே, அதன் பின்னால் நின்ற கணக்குகளில் பழவேற்காட்டுக் கணக்கும் ஒன்று.

ஆகையால் அந்த ஊருக்குப் போகிறவர் கைத்தறிப் பருத்தி உடுத்திப் போவதுதான் முறை என்பது என் கட்சி. இது வெறும் அபிமானப் பேச்சன்று. அங்குள்ள வெயிலையும் உப்புக்காற்றையும் அரை மணி நேரம் அநுபவித்தவர்கள், செயற்கை நூலாடையில் உடல் எப்படிப் புழுங்குகிறது என்பதை நன்கு அறிவார்கள். முழங்கை மறைகிற தளர்ந்த சட்டை, கணுக்கால் வரை மறைக்கும் வேட்டியோ புடவையோ சல்வாரோ, தலைக்கு ஒரு துண்டு. இதற்குமேல் வேண்டுவதில்லை. ஏரிக்குப் பூநாரைகள் வரும் பனிக்காலத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள் மட்டும் பளிச்சென்ற நிறங்களை விட்டுவிடுவது நல்லது.

ஊரில் பார்க்கத்தக்கவற்றுள் முதன்மையானது டச்சுக்காரரின் இடுகாடு. கோட்டை இடிந்து மேடும் புதருமாய்ப் போயிற்று. இடுகாடு மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் நிற்கிறது. வாயிலின் இரு புறத்திலும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருகிறவர்களை வரவேற்கின்றன. உள்ளே 76 கல்லறைகள். 1631 முதல் 1655 வரை எழுந்தவை. பாறைப் பலகைகளில் குலச்சின்னங்களும் புடைப்பெழுத்துக்களும் வெகு நேர்த்தியாக வெட்டப்பட்டிருக்கின்றன. நடுப்பகலில் அந்தக் கற்கள் தோசைக்கல்லாய்க் காயும். புல்லுக்குள் முள் இருக்கும். ஆகவே இங்கே செருப்பு அவசியம். ஆனால் செருப்புக் காலோடு கல்லறைப் பலகைமேல் ஏறுவது தகாது.

"நம்மை அடிமைகொள்ள வந்தவனுடைய கல்லறைக்கு என்ன மரியாதை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலங்களில் பசியால் விலைப்பட்ட நம் ஜனங்களும் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர்களுக்கென்று ஒரு நிமிஷம் நிற்பதற்கும் இந்த இடத்தைவிட்டால் வேறு இடம் ஏது? அப்படி நிற்க வேண்டிய இடத்தில் கல்யாண ஜோடிகளைப் பட்டும் ஜரிகையுமாகக் கொண்டுவந்து, கல்லறையில் சாய்த்து வைத்துப் படம் பிடிக்கும் நாகரிகம் நம் பழஞ்சின்னங்கள் பலவற்றிலும் பரவி வருகிறது. பட்டாடையின்மேல் எனக்கு விரோதமில்லை. சாவீட்டுக்கு அதை உடுத்திப் போவோமா என்பதே என் கேள்வி.

ஊரில் விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல்கள் இருக்கின்றன, மகிமை மாதா கோயில் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று சமயத்தாரின் வாசலிலும் நிற்க நேரிடும். தோளும் முழங்காலும் மறைந்து, மேலே ஒரு துண்டும் இருந்தால் எந்த வாசலிலும் சங்கடமில்லை.

சின்னங்களோடு விஷயம் முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கோ அங்கேதான் ஆரம்பம் என்று தோன்றுகிறது. கல்லறை பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வருகிறவர்கள், பிறருடைய வீட்டு முற்றத்துக்குள் வருகிறார்கள். குப்பங்களில் வலை உலர்கிற மணல்தான் வாசல். இறால் தடவும் இருளர் குலப் பெண்கள் மார்பளவு தண்ணீரில், பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி வேலை செய்கிறார்கள். நனைந்த துணியோடு கரையேறும் அந்தத் தாயை நோக்கிக் கைப்பேசியைத் தூக்குகிறவர்கள், தங்கள் தமக்கை ஈரப் புடவையோடு கிணற்றடியில் நிற்கும்போது அயலான் படம் எடுத்தால் பொறுப்பார்களா? நம் உடையைப் பற்றி இத்தனை யோசிக்கிற நாம், அவர்கள் உடையின் மானத்தையும் சற்று யோசிக்க வேண்டும்.

மீனவர் இடுப்பில் இருப்பது கைலி. பட்டணத்தில் அதற்கு மதிப்பில்லை. 'கைலி கட்டியவர்களுக்கு அநுமதி இல்லை' என்பது எழுதாத சட்டமாகப் பல மண்டபங்களில் நடக்கிறது. 2014-ல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை, வேட்டி கட்டியிருந்த காரணத்தால், சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்து மன்றத்தில் உள்ளே விட மறுத்தார்கள். நாடே கொதித்தது, சட்டசபை அவ்வாண்டிலேயே வேட்டிக்கும் பிற இந்திய மரபுடைக்கும் தடை கூடாதென்று சட்டம் இயற்றியது. மிகவும் நல்லது. ஆனால் கைலி கட்டியவனை வாசலில் நிறுத்தியபோது யார் கொதித்தார்கள்? மலாய் நாட்டில் தொழுகைக்கு உரிய உடையாகவும், மெக்ஸிகோவில் வீரனின் தலைக்கட்டாகவும் இருக்கும் துணியின் உடன்பிறப்பை, அது பிறந்த நாட்டில் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம்.

கைத்தறி அல்லாத ஓர் உடையையும் சொல்லியாக வேண்டும். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து இங்கே படகேறிய ஒரு கூட்டத்தாரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அளவுக்கு மீறிய பாரம்; உடலில் மிதவை அங்கி இல்லை. அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்கு அரசாங்கத்தார் தடை விதித்தனர். முகத்துவாரத்து நீரோட்டம், கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தடை ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஏரியிலாயினும் வேறெந்த நீரிலாயினும், மிதவை அங்கி கொடுக்காத படகில் கால் வைக்கக் கூடாது. கொடுத்தால், 'படத்தில் நன்றாக இராது' என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு அவர்களுடைய அளவில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நான்கு முழப் புடவை மடிப்பு தண்ணீரில் எத்தனை கனம் என்பது ஆற்றில் குளித்த பெண்களுக்குத் தெரியும்.

இன்று பழவேற்காடு வலையின் ஊர். தறியின் ஊர் அன்று. பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைகிற பெண்கள் இருக்கிறார்கள். அவற்றை அங்கேயே வாங்கலாம். கைலி வேண்டுவோர் புறப்படுமுன் தங்கள் ஊர்க் கடையிலேயே பார்த்துக்கொள்வது உத்தமம். குடியாத்தம் போன்ற ஊர்களில் இன்னும் நெய்கிறார்கள். கட்டம்போட்டது வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர், ஊர்ப்பெயர் என்ற நினைவே இல்லாமல், 'பாலயகாட்' என்று சொல்லித்தான் எடுத்துப் போடுவார்.