ஆட்சி வகைகள்: நம் சிறுவர்க்கு எவ்வாறு விளக்குவது?

பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவன், தறியில் அமர்ந்திருக்கும் தந்தையிடம் வந்து, "முடியாட்சி, குடியாட்சி, குடியரசு என்கிறார்களே, இவையெல்லாம் என்ன அப்பா?" என்று கேட்கிறான். ஓடும் நாடாவை நிறுத்தாமலேயே, "உன் வாத்தியாரைக் கேள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. உண்மையில், கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் எவரும் இதற்கு விடை கூற வல்லவரே. நாம் பிறந்த மண்ணின் வரலாறும் நம் சங்கத்தின் நடைமுறையுமே இதற்குப் போதிய பாடநூல்களாம்.

முதலில் சிறுவனிடம் மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்போம். முடிவு செய்பவர் யார்? அவரிடம் கணக்குக் கேட்பவர் யார்? அவர் தவறினால் அவரை நீக்க வழி உண்டா? எந்த ஆட்சியையும் இம்மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைச் சிறுவர் அறிவர். வில்லாற்றலுக்கும் கொடைக்கும் பெயர் பெற்றவன் அவன். அவனது ஆட்சி முடியாட்சி. அதில் முடிவு செய்பவன் மன்னன் ஒருவனே. அவன் நல்லவனாயின் நாடு வாழும், அல்லனாயின் வருந்தும். நல்லவன் ஆண்டான் என்பது குடிகள் பெற்ற பேறேயன்றி, அவர்கள் பெற்ற உரிமையன்று. கணக்குக் கேட்கவும் நீக்கவும் அவர்களுக்கு வழி கிடையாது.

பிற்காலத்தில் மைசூர் அரசின் கீழிருந்த நம் சேலச் சீமை, 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு என்பார் முதல் கலெக்டராக வந்தார். தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாய் இருந்தார். உழவரிடமே நேராக வரி விதிக்கும் முறையை இங்கு அவர்கள் தொடங்கினர். பின்னர்க் கம்பெனியார் அதனைக் கைவிட்டு, நிலங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்றனர். "மிட்டாதார்" என்ற சொல் நம் பக்கத்தில் வழங்கியதற்கு இதுவே காரணம். உழவரைக் கேளாமலே, அவர்தம் வாழ்வை மாற்றும் முடிவுகள் இரு முறை செய்யப்பட்டன. கம்பெனியின் இயக்குநர்களோ லண்டனில் இருந்தனர். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, போதிய பங்குத்தொகை வைத்திருந்தவர்க்கே உண்டு. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் இல்லை. இது சிலராட்சி. செல்வம் படைத்த சிலர், தம் இலாபத்துக்காகப் பலரை ஆளும் முறை என்று சிறுவனுக்குச் சொல்லலாம்.

1858-இல் கம்பெனி ஆட்சி நீங்கி, இங்கிலாந்து அரசியின் நேராட்சி வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் "இரட்டையாட்சி" என்ற புதுமுறையைக் கொணர்ந்தது. கல்வி, விவசாயம், கூட்டுறவு முதலிய துறைகள் மந்திரிகளிடம் விடப்பட்டன. பணப்பெட்டியும் போலீசும் கவர்னர் பக்கத்திலேயே நின்றன. 1926-இல் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியானவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தாரான டாக்டர் ப. சுப்பராயன் அவர்கள். நம் பகுதியைச் சேர்ந்த ஒருவர் மந்திரி நாற்காலியில் அமர்ந்தார். ஆயினும் சாவி வேறிடத்தில் இருந்தது. வாக்குரிமையும் பெரும்பாலும் சொத்தும் வரியும் உடையார்க்கே கிடைத்தது.

1950 ஜனவரி 26 அன்று நம் நாடு குடியரசாயிற்று. 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில், 21 வயது நிறைந்த ஆண் பெண் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். இன்று அவ்வயது 18. இங்கே ஒரு நுட்பத்தை விளக்க வேண்டும். மக்கள் தேர்ந்தவர்கள் ஆள்வது குடியாட்சி. நாட்டின் தலைவர் பிறப்பால் அன்றித் தேர்தலால் வருவது குடியரசு. இங்கிலாந்தில் முடிமன்னர் உண்டு. ஆள்வதோ மக்கள் தேர்ந்த மன்றம். ஆகவே அது குடியாட்சிதான், ஆனால் குடியரசன்று. நம் நாடு இரண்டும் ஆம்.

குடியாட்சியிலும் இருவகை உண்டு. நம் சங்கத்தில் அங்கத்தினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்கின்றனர். குழுவினர் தம்முள் ஒருவரைத் தலைவராக்குகின்றனர். பாராளுமன்ற முறை இதைப் போன்றது. நம் கிராமப் பஞ்சாயத்துத் தலைவரையோ ஊரார் நேரே தேர்கின்றனர். அமெரிக்காவின் தலைவர் முறை ஏறக்குறைய இதை ஒத்தது. மேலும் நம் நாட்டில் அதிகாரம் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பகிரப்பட்டுள்ளது. இரயில்வே மத்திய அரசைச் சேர்ந்தது. நம் போன்ற கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. இதுவே கூட்டாட்சி.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவருள் நெசவாளரும் இருந்தனர். பங்கு எத்துணையாயினும் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்ற நெறி அவர்களால் நிலைபெற்றது. கம்பெனியில் பணம் வாக்களிக்கிறது. கூட்டுறவில் மனிதன் வாக்களிக்கிறான். இளம்பிள்ளையில் ஒற்றைத் தறி வைத்திருப்பவர்க்கும், இராசிபுரத்தில் பத்து ஏக்கரில் மரவள்ளி பயிரிடுபவர்க்கும் தத்தம் சங்கத்தில் உள்ள வாக்கு ஒன்றே.

ஆனால் குடியாட்சி தானே நிற்பதன்று. 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் சட்டப்படி பதவியேற்றுச் சில மாதங்களுக்குள் பிற கட்சிகளையெல்லாம் ஒழித்துச் சர்வாதிகாரியானார். அத்துணைப் பெரிய உதாரணமும் வேண்டுவதில்லை. நாம் அறிந்த ஒரு சங்கத்தில் மகாசபைக்கு ஆண்டுதோறும் வருவோர் குறைந்தனர். கையெழுத்துப் புத்தகம் வீடு வீடாகச் சென்றது. கணக்கு எவர் செவியிலும் விழவில்லை. நூல் இருப்புக் குறைந்தது தெரிந்தபோது, கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் முன்பே கையெழுத்திட்டிருந்தனர். பெயரளவில் அது பலராட்சி, உண்மையில் ஒருவராட்சி.

நம் மாநிலத்தில் கூட்டுறவுச் சங்கத் தேர்தல்கள் 2013-லும் 2018-லும் நடந்தன. தேர்தலின்றித் தனி அலுவலர் பொறுப்பில் சங்கங்கள் இயங்கிய காலங்களும் உண்டு. அலுவலர் நேர்மையானவராகவே இருக்கலாம்; எனினும் அவரைத் தேர்ந்தவர்கள் நாமல்லேம், நீக்கவும் நம்மால் இயலாது. நம் மூன்று கேள்விகள் அங்கும் பொருந்தும்.

ஆதலின் அடுத்த முறை சிறுவன் கேட்கும்போது சற்றே தறியை நிறுத்துவோம். மகாசபை அறிவிப்பையும் வரவு செலவுக் கணக்கையும் அவன் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வோம். அவனுக்கு விளங்காத இடத்தில் நமக்கும் விளங்கவில்லையெனில், அதுவே நாம் மகாசபையில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி.