ஓட்டப் பயிற்சியில் மாறுதல்

உடற்பயிற்சிகளுள் ஓட்டம் மிக எளியது; செலவும் குறைந்தது. ஆயினும் அதனை ஆர்வத்துடன் தொடங்குவோருட் பலர் சில திங்களிற் கைவிடுகின்றனர். நாள்தோறும் ஒரே பாதை, ஒரே தூரம், ஒரே வேகம் என்பதால் விளையும் சலிப்பு இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். இச்சலிப்பை நீக்கப் புதிய மைதானமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டுவதில்லை. பழகிய பாதையிலேயே ஓடும் முறையை மாற்றிக்கொண்டால் போதும்.

உடலின் இயல்பு

மாறாத வேலைக்கு உடல் விரைவிற் பழகிவிடும். தொடக்கத்தில் இருதயம், நுரையீரல், தசைகள் ஆகியவை வலுப்பெறுகின்றன. அவ்வேலை எளிதாகிய பின்னர் வளர்ச்சி மெல்லக் குன்றுகிறது. மெதுவாக ஓடும்போது, நெடுநேரம் களைப்பின்றி உழைக்கவல்ல தசையிழைகளே பெரும்பாலும் இயங்குகின்றன. வேகம் மிகும்போதும் மேட்டில் ஏறும்போதும், விரைந்து சுருங்கும் இழைகளும் உடன் சேருகின்றன. எனவே மாறுதல் மனத்திற்கு மட்டுமன்றி உடலுக்கும் ஏற்றதாகும்.

வேக விளையாட்டு

இவ்வுண்மையை ஒட்டி 1930-களில் ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்தா ஹோல்மேர் ‘ஃபார்ட்லெக்’ என்னும் முறையை வகுத்தார். ‘வேக விளையாட்டு’ என்பது இச்சொல்லின் பொருள். ஓடுபவர் நிற்காமல் ஓடிக்கொண்டே தம் விருப்பம்போல் சிறிது தூரம் விரைவார், பின்னர் வேகத்தைத் தணித்து மூச்சைச் சீராக்கிக்கொள்வார், மீண்டும் விரைவார்.

இதனை எங்கும் கையாளலாம். டில்லியில் விஜய் சௌக்கிலிருந்து இந்தியா கேட் வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளும் நேர்வழியில், இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையில் விரைந்தும் அடுத்த இரண்டைக் கடக்கும்வரை மெதுவாகவும் ஓடலாம். ஆரவல்லித் தொடரின் வடகோடியாகிய ரிட்ஜ் பகுதியில் மேட்டில் ஏறி ஓடி, இறங்கும்போது நடக்கலாம். லோதி தோட்டத்தில் வழக்கமான சுற்றை எதிர்த்திசையில் ஓடுவதும் ஒரு மாறுதலே. வாரத்தில் இரண்டு நாள் இவ்வாறு செய்து, மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுவது நலம்.

பள்ளியில்

மைதானத்தை வெறுமனே பலமுறை சுற்றிவரச் செய்தால் மாணவர் ஓட்டத்தைத் தண்டனையாகவே கருதுவர். அவர்களை வரிசையாக மெதுவாக ஓடவிட்டு, சீழ்க்கை ஒலித்ததும் கடைசி மாணவன் விரைந்து முன்னணிக்கு வரும்படி செய்யலாம். ஒவ்வொருவருக்கும் விரைவும் ஓய்வும் மாறிமாறிக் கிடைக்கும்.

காற்றின் நிலை

டில்லியில் ஓடுவோர் கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. குளிர்காலத்தில், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் நிற்பதால், புகையும் நுண்துகளும் கலைந்து செல்வதில்லை. அதிகாலையில் இந்நிலை மிகுதி. அமர்ந்திருப்பவர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். ஓடுபவர் அதனைப்போற் பலமடங்கு சுவாசிப்பதால் நுண்துகளும் அவ்வளவுக்கு மிகுதியாக உட்செல்லும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் வெளியிடும் காற்றுத்தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் அது ‘மோசம்’ என்னும் வகையில் அடங்கும். அத்தகைய நாட்களில் வெளியில் ஓடுவதை விடுத்து, வீட்டினுள் கயிறு தாண்டுதல், சூரிய நமஸ்காரம் முதலியவற்றை மேற்கொள்க. இருதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே வேகப்பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

ஒரு நாள் மிகுதியாக ஓடுவதால் பயனில்லை. ஆண்டு முழுவதும் விடாது செய்வதிலேயே பயன் உள்ளது. அதற்குத் துணைசெய்வதே மாறுதல்.