இயங்கத் தொடங்கிப் பின் நின்றுவிடும் நீரிறைக்கும் எஞ்சின்

காரணம் அறியும் முறையும் பரிகாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டுத் தோட்டங்களில் கிணற்று நீரே பயிரின் ஆதாரமாகும். முன்னர் துலா மிதித்து இறைத்த நீரை இன்று சிறிய எஞ்சின்கள் இறைக்கின்றன. வெங்காயம் குமிழ் பருக்கும் பருவத்தில் எஞ்சின் பழுதுற்று இறைப்பு பிந்துமாயின் விளைச்சல் குன்றும். ஆகவே, எஞ்சின் நிற்பதற்கான காரணத்தை விரைந்து அறியும் முறையைக் கமக்காரர் தெரிந்திருத்தல் நன்று.

தொடங்கிப் பின் நிற்கும் எஞ்சின், அறவே தொடங்காத எஞ்சினைப் போன்றதன்று. தொடங்கியபோது அதற்கு எரிபொருளும் காற்றும் தீப்பொறியும் கிடைத்தன. பின்னர் அவற்றுள் ஒன்று குறைந்துவிட்டது. எனவே எஞ்சினைக் கழற்றுமுன், அது எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

1. சில நிமிடம் ஓடி, மெல்ல மெல்ல வலுவிழந்து நிற்றல்

எரிபொருள் தடைப்படுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். முதலில் தாங்கியின் மூடியைத் தளர்த்தி ஓடவிடுக. எஞ்சின் நிற்காது ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளது எனத் துணியலாம். எரிபொருள் இறங்கும் அளவுக்குத் தாங்கியினுள் காற்றுப் புகவேண்டும். புகாதவிடத்து எரிபொருள் இறங்காது. துளையிலுள்ள புழுதியை நீக்கினால் போதும், செலவு எதுவுமில்லை.

அதனாற் பயனில்லையெனில், எஞ்சின் ஆறியபின் தாங்கியின் வடியையும் குழாயையும் துப்புரவாக்குக. பின் காபரேற்றரின் அடிக்கிண்ணத்திலுள்ளதை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்துப் பார்க்க. நீர் கலந்திருப்பின் அது அடியில் தனித்துத் தங்கும்.

2. ‘சோக்’கை மூடினால் மட்டும் ஓடுதல்

‘ஜெற்’ எனப்படும் நுண்துளை அடைபட்டிருத்தல், அல்லது காபரேற்றர் இணைப்பில் வேண்டாத காற்றுப் புகுதல் இதற்குக் காரணமாகும். ஜெற்றைக் கம்பியாற் குத்தலாகாது; துளை பெருத்துவிடும். பெற்றோலிற் கழுவிக் காற்றால் ஊதுக. நெடுநாள் வைத்த பெற்றோல் பிசினாகித் துளையை அடைக்கும். 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டுக் காலத்திற் போன்று எரிபொருளைக் கான்களிற் சேமிப்போர் பழையதை முதலிற் பயன்படுத்துதல் வேண்டும்.

3. கரும்புகை விட்டு நிற்றல்

சோக் திறக்கப்படவில்லை, அல்லது காற்று வடியில் புழுதி அடைந்துள்ளது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வடியை அடிக்கடி துப்புரவாக்குக. வடியின்றி எஞ்சினை ஓட்டலாகாது. உட்செல்லும் புழுதி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

4. மண்ணெண்ணெய்க்கு மாற்றியவுடன் வெண்புகை விட்டு நிற்றல்

எஞ்சின் நன்கு சூடேறுமுன் மாற்றியதே காரணம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாத பகுதி கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பெற்றோலிற் சூடேற்றிய பின்னரே மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடின் மறுநாள் எளிதில் தொடங்கும்.

5. சுவிச்சை அணைத்தாற்போலத் திடீரென நிற்றல்

தீப்பொறி அற்றுவிட்டது. பிளக்கின் வயர் தளர்ந்துள்ளதா, பிளக்கிற் கரி படிந்துள்ளதா எனப் பார்க்க. சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடுமாயின், கொயில் பழுதாகியிருக்கலாம். அதனைத் திருத்துநரிடம் காட்டுக. எண்ணெய் குறைந்தால் தானே நிற்கும் அமைப்புச் சில எஞ்சின்களில் உண்டு. அவ்வாறானவற்றைச் சரிவான கிணற்றோரத்தில் வைப்பின், எண்ணெய் போதியதாயினும் நின்றுவிடும். ஆகவே எண்ணெயின் அளவைப் பார்த்து, எஞ்சினைச் சமதரையில் வைத்து ஓட்டுக.

எச்சரிக்கை

நீர்மட்டம் தாழ்ந்த காலத்திலும் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் தேங்கி, இறங்குபவரின் உயிரைக் குடிக்கும். ஒருவர் மயங்கி வீழ்ந்தாரெனில் அவரைத் தூக்க மற்றவர் உடனே இறங்கின், அவரும் இறப்பார். வடித்த எரிபொருளைக் கிணற்றடியில் ஊற்றலாகாது. குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையூடாக அது நிலத்தடி நீரை அடையும். அந்நீரே அயற்கிணறுகளுக்கும் உரியது.

மேற்கூறியவற்றைச் செய்தும் எஞ்சின் நிற்குமாயின், அதனைத் திருத்துநரிடம் கொண்டுசெல்க. எத்தனை நிமிடம் ஓடியது, எவ்விதம் நின்றது, எந்நிறப் புகை விட்டது என்பனவற்றையும் அவருக்குக் கூறுக. இதனால் வீண்செலவும் காலதாமதமும் குறையும். பயிருக்கும் உரிய வேளையில் நீர் கிடைக்கும்.